மார்டேலின் பிணப்பாதை

வறட்சி வந்த ஆண்டுகளில் இங்கிலாந்துச் செய்தித்தாள்களில் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வரும். வெடித்துக் கிடக்கும் சேற்றுத் தரை, அதன் குறுக்கே ஓடும் சாம்பல் நிறக் கற்சுவர்கள், வளைவான ஒரு சின்னப் பாலம், பாலத்தின் மேல் ஏறி நிற்கும் வேடிக்கை பார்ப்பவர்கள். கீழே ‘மூழ்கிய ஊர் மீண்டது’ என்று தலைப்பு. 1984இல் வந்தது, 1995இல் வந்தது, 2021, 2022 கோடைகளிலும் வந்தது. ஊரின் பெயர் மார்டேல். பழைய வெஸ்ட்மார்லந்து கவுண்டியில், ஏரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஹேவ்ஸ்வாட்டர் ஏரியின் தலைமாட்டில் இருந்த சிறு பள்ளத்தாக்கு ஊர்; மான்செஸ்டருக்குத் தண்ணீர் தேக்க அந்த ஏரியில் அணை கட்டியபோது, 1930களில் மூழ்கியது. அந்தத் தலைப்பை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெளியே தெரிவது ஊரல்ல, ஊரின் வேலி. ஊர் எங்கே போனது என்று கேட்டால் தண்ணீருக்குள் பார்த்துப் பயனில்லை. மலைக்கு அந்தப் பக்கம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ஷாப் என்னும் இன்னொரு ஊரில் தேட வேண்டும். ஏன் அப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

சேற்றில் தெரிவது என்ன

முதலில் அந்தச் சுவர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் இருந்தும் 1995இல் அவை நிமிர்ந்து நின்றதைப் பார்த்துப் பலர் வியந்தார்கள். காரணம் எளியது: அவை காரை வைக்காத கல்கட்டு. இரண்டு முகங்களாக எழுப்பி, நடுவே சில்லுக் கற்களை இறுக்கி நிரப்பி, பாதி உயரத்தில் இரு முகங்களையும் பிணைக்க நீளமான குறுக்குக் கற்களைப் போடுவார்கள். அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் வரும். உச்சியில் தலைக்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி முடிப்பார்கள். கரைந்துபோகக் காரை இல்லை. நீர் ஏறினாலும் இறங்கினாலும் சந்துகளின் வழியே புகுந்து வெளியேறிவிடும். இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும். சேதம் வருவது ஆழத்தில் அல்ல, நீர்மட்டம் ஏறி இறங்கும் விளிம்பில்தான். அங்கே அலை தலைக்கற்களை உருட்டிவிடும். தலைக்கல் போனால் நடுவிலிருக்கும் சில்லுகள் கழுவப்பட்டுச் சுவர் உள்ளுக்குள் சரியும். அதனால் கரையோரத்தில் கற்குவியலாகக் கிடக்கும் அதே சுவர், கீழே இறங்க இறங்க முழு உயரத்துக்குத் தேறுவதைப் பார்க்கலாம்.

வீடுகளின் கதை வேறு. காலியான வீடுகளை ராயல் இன்ஜினியர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படை வெடிவைப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டது. டன் புல் என்ற விடுதியும் போனது. ஊரின் கிறித்தவக் கோயிலான தூய திரித்துவக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். அந்தக் கற்கள் அணை வேலைக்கே போயின. ஆகவே வறட்சியில் நடந்து போய் ‘இதுதான் கோயில், இதுதான் வீடு’ என்று கைநீட்டுவது பெரும்பாலும் ஊகம். சுவரைப் படிப்பது நம்பகமானது. இணையாக ஓடும் இரண்டு சுவர்கள் என்றால் நடுவில் இருந்தது தெரு அல்லது மந்தை போகும் வழி. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சதுரத் திறப்பு இருந்தால் அது ஆட்டுக்கான வழி, ‘ஹாக் ஹோல்’. ஆடு நுழையும், மாடு நுழையாது. எந்த வயலில் மாடு நின்றது, எங்கே ஆட்டை விட்டார்கள் என்பதை அந்த ஒரு திறப்பிலிருந்து சொல்லிவிடலாம். ஓடைகள் வந்து சேரும் வாய்களில் மட்டும் கால் வைக்கக் கூடாது. மேலே காய்ந்து ஏடுபோல இருக்கும், கீழே வண்டல் இறுகாமல் கூழாகக் கிடக்கும். இடுப்பளவு இறங்கிய பிறகு காலை உருவுவது தனியாளால் ஆகாத வேலை.

பங்கு என்றால்

பங்கு என்பது ஒரு தாய்க்கோயிலுக்கும் அதன் குருவுக்கும் உட்பட்ட வட்டாரம். மார்டேலை ‘பங்கு’ என்று எழுதுவது பேச்சு வழக்குக்குச் சரி, ஏட்டு வழக்குக்கு முழுதும் சரியல்ல. நெடுங்காலம் அது ஒரு கிளைக்கோயில் வட்டாரம்தான். பள்ளத்தாக்கின் ஒரு பகுதி ஷாப் பங்குக்கும் இன்னொரு பகுதி பேம்ப்டன் பங்குக்கும் உட்பட்டிருந்தது. வழிபாடு கிளைக்கோயிலில் நடக்கும். ஆனால் அடக்கம் செய்யும் உரிமை தாய்க்கோயிலுக்குரியது. பங்குகளுக்கெல்லாம் மேலான ஆயர் (பிஷப்) தனியாக அனுமதி தந்து நிலத்தை மந்திரித்துக் கொடுக்காமல் கிளைக்கோயிலில் கல்லறை வெட்ட முடியாது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கோயில்கள் எளிதில் இணங்குவதில்லை. அடக்கக் கட்டணம் குருவின் வருமானத்தில் ஒரு பகுதி. பக்தியும் கணக்கும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

பழைய ஏடுகளில் மார்டேல்காரர்களைத் தேடுபவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். மார்டேல் பதிவேட்டில் ஒருவருடைய திருமுழுக்கு (ஞானஸ்நானம்) இருக்கும், அடக்கம் இருக்காது. ‘ஊரைவிட்டுப் போய்விட்டார்’ என்று எழுதிவிடுவார்கள். 1736க்கு முன்னால் இறந்தவரென்றால் ஷாப் ஏட்டையும் பேம்ப்டன் ஏட்டையும் புரட்டிய பிறகே அந்த முடிவுக்கு வரலாம். ஏட்டில் பக்கம் கிழிந்தோ எலி தின்றோ போயிருந்தால் ஆயர் பிரதிகளைக் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் பதிவுகளையும் படியெடுத்து ஆயரகத்துக்கு அனுப்பும் கட்டளை 1598இலேயே வந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் பெயர்கள் மாறியிருப்பது தெரியும். அவசரமாகப் படியெடுத்தவர்கள் ஊர்ப்பெயர் போன்றவற்றை விட்டிருப்பார்கள். இன்னொரு குழி, பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயர். ஹை ஸ்ட்ரீட் மலைமுகட்டுக்கு மேற்கே இருப்பது மார்டின்டேல். அதற்குத் தனிக் கோயில், தனி ஏடு. தேய்ந்த மையில், சுருக்கெழுத்தில், இரண்டு பெயர்களும் ஒன்றுபோலத் தோன்றும்.

1813இல் நிலைமை தெளிகிறது. அந்த ஆண்டிலிருந்து அச்சடித்த படிவம் கட்டாயம். பெயர், குடியிருப்பு, அடக்கம் செய்த தேதி, வயது, நடத்திய குருவின் கையொப்பம் என்று பக்கத்துக்கு எட்டுக் கட்டங்கள். குடியிருப்புக் கட்டம்தான் பொக்கிஷம். அதில் ‘மார்டேல்’ என்று மட்டும் எழுதாமல் மீஸண்ட், ரிக்கின்டேல், சேப்பல் ஹில் என்று குடியிருப்பின் பெயரையே எழுதியிருந்தால், ஊரின் வரைபடத்தை இறந்தவர்களைக் கொண்டே வரைந்துவிடலாம்.

ஹோம் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி. ஜான் மன்னர் காலத்தில், 1208இல், ஒரு சதிக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி ஓடிவந்த ஹியூ ஹோம் ரிக்கின்டேல் குகையில் ஒளிந்து, பிறகு இங்கேயே தங்கினார் என்றும், அவர் வழியினரை ‘மார்டேல் அரசர்கள்’ என்று அழைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த வழியின் கடைசி ஆண் வாரிசு இறந்தது 1885இல். முதல் ஹியூவின் கதை குடும்பச் செவிவழிச் செய்தி; அதை அப்படியே குறிப்பிட்டுவிட்டு நகர்வதுதான் நேர்மை. அதைவிட ஷாப் ஏட்டில் உள்ள ஒரு சாதாரண அடக்கப் பதிவு எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

மலைமேல் போன வழி

ஷாப்புக்குப் பிணம் போன வழி இன்றும் வரைபடத்தில் ‘பழைய பிணப்பாதை’ என்ற பெயரிலேயே இருக்கிறது. ஊரின் நடுக் குடியிருப்பான மார்டேல் கிரீனிலிருந்து கிழக்குச் சரிவில், ரோவன்ட்ரீத்வைட் ஓடையை ஒட்டி, வளைந்து வளைந்து ஏறும். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 250 மீட்டருக்கு மேல் ஏற்றம். இடையில் கூரையில்லாத சிறு கற்குடில்கள் இரண்டு; அடுப்புக்கு வெட்டிய கரிமண் கட்டிகளை வைத்த இடங்கள் அவை, பிணத்தோடு தொடர்பில்லாதவை. மேலே மார்டேல் பொது மேய்ச்சல் மேடு, சதுப்பும் புல்லுமாக. பிறகு ஸ்விண்டேலுக்கு இறக்கம், மறுபடி டெயில்பர்ட் பக்கமாக ஏற்றம், அதன்பின் ஷாப். மொத்தம் ஏறத்தாழ 6 மைல்.

இந்தச் சரிவில் வண்டி ஏறாது. நாலு பேர் தோளில் சுமப்பதும் ஆகாது. வளைவுகளில் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே உயரத்தில் நிற்க முடியாது. பாரம் முழுதும் கீழே நிற்பவர் தலையில் வந்துவிடும். ஆகவே குதிரையின் முதுகில் கட்டித்தான் கொண்டுபோனார்கள். துணியில் சுற்றிய உடலையோ பெட்டியையோ குதிரையின் நீளவாக்கில் வைத்துச் சேணத்தோடு வார்களால் இறுக்க வேண்டும். குறுக்கே வைத்தால் சரிவுப் பக்கத்துப் பாறையில் இடிக்கும்; ஏற்றத்தில் பாரம் பின்னுக்கு நழுவாமல் மார்வாரும், இறக்கத்தில் முன்னுக்கு நழுவாமல் வாலடிவாரும் வேண்டும். பனி விழுந்தாலோ ஓடை பெருகினாலோ காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இதோடு சட்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1666இலும், கடுமையாக 1678இலும் வந்த கம்பளி அடக்கச் சட்டம்: ஆட்டுக் கம்பளியைத் தவிர வேறு துணியில் யாரையும் புதைக்கக் கூடாது. எட்டு நாளுக்குள் ஒருவர் சத்தியப் பிரமாணம் தர வேண்டும். இல்லையென்றால் 5 பவுண்டு தண்டம். கொள்ளைநோயில் இறந்தவருக்கு விலக்கு உண்டு. நாட்டின் கம்பளி வணிகத்தைத் தூக்கி நிறுத்தப் போட்ட சட்டம் அது. ஆட்டை நம்பியே பிழைத்த ஒரு பள்ளத்தாக்கின் மனிதர் ஆட்டுரோமத்தில் சுற்றப்பட்டு, ஆடு மேயும் மேட்டைக் கடந்து போயிருக்கிறார்.

1720களின் இறுதியில் மார்டேல் கோயிலுக்கு அடக்க உரிமை கிடைத்தது. மலைமேல் போன கடைசிப் பிணம் 1736 ஜூன் 17இல் போனது. அந்தத் தேதியை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் ஜூன் 28; இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தது, அன்றைக்கு வித்தியாசம் 11 நாள். ஆண்டில் பகல் மிக நீண்டிருக்கும் காலம். அதற்குப் பிறகு மார்டேலில் இறந்தவருக்கு மார்டேல் மண்.

இதைச் சின்ன நிர்வாக மாற்றம் என்று கடந்துபோகிற வரலாறுகள் உண்டு. எனக்கு அதுதான் அந்த ஊரின் பிறந்தநாள். ஒரு குடியிருப்பு கூட்டமாக இருப்பதற்கும் ஊராக ஆவதற்கும் நடுவில் இருப்பது, தன் இறந்தவர்களைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை. அதைப் பெற அவர்களுக்கு எத்தனையோ தலைமுறைகள் ஆயின.

காதும் காவியும்

ஊரைச் சேர்த்துக் கட்டிய இன்னொன்று ஆடு. மேட்டு நிலத்தில் வேலி இல்லை. ஒவ்வொரு பண்ணையின் மந்தைக்கும் மலையில் ஒரு பழகிய இடம் உண்டு, அதை ‘ஹீஃப்’ என்பார்கள். தாய் ஆட்டோடு மேய்ந்து குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளும். மந்தையை ஒருமுறை முழுதாக விற்றுவிட்டால் புதிதாக வாங்கிய ஆடு அந்த இடத்தில் நிற்காது. பல ஆண்டுகள் காவலுக்கு ஆள் போட்டுப் பழக்க வேண்டும். அதனால் பண்ணை கைமாறினாலும் மந்தை மலையோடு இருக்கும்.

அப்படியும் சில ஆடுகள் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும். அடையாளத்துக்குக் குறிகள் இரண்டு. ரோமத்தில் தாரோ காவியோ கொண்டு போடும் கோடு அல்லது புள்ளி. அது மழையில் மங்கும், ரோமம் வெட்டும்போது போய்விடும். காதில் வெட்டும் குறி சாகும்வரை நிற்கும். நுனியை நேராக வெட்டுவது, கவையாகப் பிளப்பது, ஓரத்தில் கீறுவது, சாவிப்பல் போலக் கொத்துவது என வகைகள் சில. இடக்காதா வலக்காதா, மேல் ஓரமா கீழ் ஓரமா என்று பெருக்கினால் ஒரு வட்டாரத்துக்கே போதும். குறி ஆளுக்கல்ல, பண்ணைக்கு. 1817இல் மார்டின்டேலைச் சேர்ந்த ஜோசப் வாக்கர் இந்தக் குறிகளையெல்லாம் ஆட்டுப் படங்களோடு அச்சடித்து மேய்ப்பர் கையேடாக வெளியிட்டார். அதற்கு முன்பு அந்த அறிவு மேய்ப்பர்களின் தலைக்குள் இருந்தது.

வழிதவறிய ஆடுகளைத் திருப்பித் தரும் கூட்டம் முன்பு 828 மீட்டர் உயர ஹை ஸ்ட்ரீட் உச்சியிலேயே நடந்தது, குதிரைப் பந்தயமும் மல்யுத்தமுமாக, 1835 வரை. உச்சியின் ஒரு பகுதிக்கு இன்றும் பந்தயத் திடல் குன்று என்றுதான் பெயர். பிறகு கூட்டம் கீழே டன் புல் விடுதிக்கு இறங்கி நவம்பர் தோறும் நடந்தது. விடுதி மூழ்கியபின் பேம்ப்டன் பக்கம் போனது. இதைக் கவனித்தால் ஒன்று விளங்கும்: கூட்டத்துக்குத் தேவைப்பட்டது ஆடும் மலையும்தான், விடுதி அல்ல. ஆகவே அது பிழைத்தது. கல்லறைக்கு அந்த வசதி இல்லை.

97 பேர்

மான்செஸ்டர் நகராட்சி தண்ணீருக்காக 1919இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்றது. வேலை 1929இல் தொடங்கியது. இயற்கை ஏரி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். மீஸண்ட் ஓடை கொண்டுவந்து கொட்டிய மண்திட்டு அதை நடுவில் நெரித்து மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரண்டாக்கி வைத்திருந்தது. 470 மீட்டர் நீள அணை நீர்மட்டத்தை 95 அடி உயர்த்தியது. உள்ளே குடைவான தாங்குசுவர்கள் 44, அசைவு தாங்கும் இணைப்புகளோடு அடுத்தடுத்து நிறுத்தப்பட்டவை. அந்த வகையில் உலகின் முதல் அணை என்பார்கள். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை, அதை மறுக்க மாட்டேன். மீஸண்ட், மார்டேல் கிரீன் இரண்டுமே உள்ளே போயின.

1935 ஆகஸ்ட் 18, ஞாயிறு. கோயிலில் கடைசி வழிபாடு. உள்ளே எழுபதைச் சற்றுத் தாண்டித்தான் அமர முடியும். நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே சரிவில் நின்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்கள். கார்லைல் ஆயர் வந்திருந்தார். படங்களில் காண்பது கூட்டமும் யூ மரங்களும்தான். அதையே எல்லோரும் எழுதுகிறார்கள். நான் நிற்பது வேறு இடத்தில்: கல்லறைத் தோட்டத்திலிருந்து 97 உடல்களைத் தோண்டி எடுத்து ஷாப்பில் மறு அடக்கம் செய்தார்கள்.

ஷாப்பில். மலையைத் தாண்ட வேண்டாம் என்று போராடி வாங்கிய உரிமை, 200 ஆண்டுகள் இருந்து, ஒரே நாளில் அல்ல, ஒவ்வொரு குழியாகத் திரும்பப் பெறப்பட்டது. மார்டேலின் பிணங்கள் மறுபடி ஷாப்புக்குப் போயின. 1736இல் முடிந்துவிட்டதாக எல்லா வழிகாட்டிகளும் எழுதும் அந்தப் பயணம் உண்மையில் முடிந்தது அணை கட்டியபோதுதான்.

97 என்ற எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருவர் என்று வைத்தாலே 200 ஆண்டுக்கு 200 பேர். எனவே 97 என்பது அங்கே புதைக்கப்பட்டவர்களின் தொகை அல்ல, மண்வெட்டிக்குக் கிடைத்தவர்களின் தொகை என்றே நான் கொள்கிறேன். மழை மிகுந்த, புளிப்பேறிய மலைமண்ணில் மரப்பெட்டி சில பத்தாண்டில் மட்கும். எலும்பும் நெடுநாள் தாங்காது. சிறிய தோட்டங்களில் பழைய குழியையே திரும்ப வெட்டுவதும் எங்கும் வழக்கம். குழந்தைகளின் எலும்பு முதலில் கரையும். கூடவே, உரிமை கிடைத்த பிறகும் பாட்டன் கிடக்கும் ஷாப்பையோ பேம்ப்டனையோ சில குடும்பங்கள் விரும்பியிருக்கலாம். இதைச் சரிபார்க்க வழி உண்டு: அடக்கப் பதிவேட்டில் 1813க்குப் பிந்தைய பெயர்களைத் தனியே எழுதி, ஷாப்பில் மறு அடக்கமானவர்களின் பெயர்களோடு பொருத்த வேண்டும். பொருந்தாமல் மிஞ்சும் பெயர்கள் இரண்டு வகை. மற்ற இரு ஏடுகளில் கிடைப்பவை ஒன்று. எங்கும் கிடைக்காதவை இன்னொன்று. அந்த இரண்டாம் வகையினர் இன்னும் மார்டேலிலேயே இருக்கிறார்கள், மீட்டர் கணக்கான நீருக்கும் வண்டலுக்கும் கீழே. வறட்சியில் பாலத்தின் மேல் நின்று படமெடுக்கிறவர்களின் கால்களுக்கு வெகு தொலைவில் அல்ல.

தண்ணீர் கடைசியில் மான்செஸ்டருக்குப் போகும் பெருங்குழாய் 1955இல் முடிந்தது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடுகிறது. டன் புல்லுக்கு ஈடாக 1937இல் கிழக்குக் கரையில் நகராட்சி ஒரு ஓட்டலைக் கட்டிக்கொடுத்தது. கோயிலுக்கு ஈடு எதுவும் இல்லை.

பிணப்பாதையில் இன்றும் யாரும் நடக்கலாம். ஷாப்பிலிருந்து புறப்பட்டு எதிர்த்திசையில் வருவதே நல்லது. டெயில்பர்ட், ஸ்விண்டேல், அந்தச் சதுப்பு மேடு, கூரையில்லாத கற்குடில்கள், பிறகு முழங்காலைச் சோதிக்கும் வளைவுகள். ஏரிக்கரைச் சாலை வந்ததும் வழிகாட்டிப் பலகை நிற்கிறது, பாதை அங்கே முடிந்துவிட்டதாக. சாலைக்கு மறுபுறம் சரிவு நேராக நீருக்குள் இறங்குகிறது. குதிரையில் ஏற்றுவதற்கு முன் உடலைக் கொண்டுவந்த பாதையின் முதல் பகுதி அதற்குள் இருக்கிறது.